ஆறடித் தொட்டியில் பெரிய சிக்லிட்கள்: எது எதோடு சேர்ந்தது, எது சேரவில்லை

சிக்லிட் என்பவை தொட்டிக்குள் இடம் பிடித்துச் சண்டை போடும் நன்னீர் அலங்கார மீன்கள். அவற்றில் முரடான க்ரீன் டெரரை வெளியே எடுத்து, கற்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்கிய பிறகுதான் தொட்டி அடங்கியது. இப்போது ஒரு ஆஸ்கர், இரண்டு செவரம், ஐந்து ஜியோஃபேகஸ், ஆறு சில்வர் டாலர் என 14 மீன்கள் துடுப்பு கிழியாமல் ஒன்றாக வளர்கின்றன. சென்னையில் பெரிய சிக்லிட் தொட்டி அமைக்க நினைப்பவர்களுக்கு எந்த அளவு, எந்த வரிசை, எந்த மீன் என்பது உதவும் என்பதால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

தொட்டி 6×2×2 அடி, 12 மி.மீ. கண்ணாடி. மொத்தக் கொள்ளளவு 680 லிட்டர். கண்ணாடியின் கனம், மேலே விடும் இடைவெளி, மணல் எல்லாம் போக உள்ளே நிற்கும் தண்ணீர் 550 லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மீன் கணக்கை இந்த எண்ணை வைத்துத்தான் போட வேண்டும், கடைக்காரர் சொல்லும் 680ஐ வைத்து அல்ல. கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல். தண்ணீர், மணல், கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 800 கிலோவைத் தாண்டும். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமைக்குத்தான் வடிவமைக்கிறார்கள். இந்தத் தொட்டி ஒரு சதுர மீட்டர் சொச்சத்தில் அவ்வளவு எடையையும் இறக்குகிறது. அதனால் தரைத்தளத்தில் வைத்தோம். மாடியில் வைத்தே ஆக வேண்டும் என்றால் பீம் ஓடும் சுவரை ஒட்டி, நீளவாக்கில், பொறியாளரிடம் கேட்டுவிட்டு வையுங்கள். ஸ்டாண்டு 2 அங்குலச் சதுர இரும்புக் குழாயில் வெல்டிங் செய்தது. அதன்மேல் 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் 12 மி.மீ. தெர்மகோல்.

ஃபில்டர், தொட்டிக்கு அடியில் ஸ்டாண்டுக்குள் இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்: 36×15×15 அங்குலம். மேல் தொட்டியின் மூலையில் துளை போட்டு, வழியும் தண்ணீரைச் சம்புக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோ பெட்டி. பம்ப் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு, தண்ணீரை மேலே ஏற்றாதபோது வரும் அளவு. சம்பிலிருந்து தொட்டி விளிம்பு வரை 4 அடி ஏறும்போது அதில் பாதி அளவே கிடைக்கும். மணிக்குத் தொட்டித் தண்ணீர் 4 தடவையாவது சுற்ற வேண்டும் என்று 5,000 லிட்டர் பம்ப் போட்டோம். வாளியில் பிடித்து அளந்து பார்த்ததில் 2,600 லிட்டர்தான் வந்தது. ஏறக்குறைய 5 தடவை. போதும்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதை மீன் விடும் முன்பே சோதியுங்கள். பம்ப் நின்றதும் மேல் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கத் தொடங்கும். திரும்பும் குழாயில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு விரல் கீழே, 6 மி.மீ. துளை ஒன்று போட்டால் மட்டம் அங்கே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். இந்தத் தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினாலே 26 லிட்டர். சம்பில் குறைந்தது 35 லிட்டருக்கு எப்போதும் காலி இடம் இருக்கட்டும். அந்தத் துளையில் பாசி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஈர்க்குச்சியால் குத்திவிட வேண்டும். துளை அடைத்திருந்தால் கூடம் முழுக்கத் தண்ணீர்தான்.

மணலுக்கு எம்-சாண்ட் கூடாது. அதன் முனைகள் கூர்மையானவை. ஜியோஃபேகஸ் நாள் முழுக்க மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாகச் சலித்து விடும் மீன். அதன் செவுள் புண்ணாகிவிடும். தண்ணீர் சுத்திகரிப்புக்கு விற்கும் ஃபில்டர் மணலில் பொடி ரகம், 2 அங்குல உயரத்துக்கு. கல்லில் கடப்பாக் கல்லைத் தவிர்த்தோம். அது சுண்ணாம்புக் கல். வினிகர் விட்டால் நுரைக்கும், தண்ணீரில் கிடந்தால் பிஎச்சை (தண்ணீரின் காரத்தன்மையை) ஏற்றும். கருங்கல் துண்டுகள் போதும். கற்களை மணலின்மேல் வைக்காமல் அடிக் கண்ணாடியில் மெல்லிய ஃபோம் போட்டு அதன்மேல் வைத்து, பிறகு மணல் கொட்டினோம். மேலே வைத்தால் ஆஸ்கர் அடியில் குழி பறித்துக் கல்லைச் சாய்த்துவிடும். சாயும் கல் கண்ணாடியில்தான் விழும்.

தண்ணீரைப் பற்றி. எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1,100, பிஎச் 8.1. மெட்ரோ தண்ணீர் 320. ஒரு பங்கு போருக்கு மூன்று பங்கு மெட்ரோ கலந்தால் 515 வருகிறது. தென்னமெரிக்கச் சிக்லிட்களின் பூர்வீகம் மென்மையான நீர்தான். ஆனால் பண்ணையில் பிறந்தவை இந்த அளவில் நன்றாகவே இருக்கின்றன. வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கினால்தான் அவை வாடும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை மட்டும் ஆர்ஓ தண்ணீரால் நிரப்பினோம். ஆவியில் உப்பு போகாது என்பதால், அதே குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் டிடிஎஸ் ஏறிக்கொண்டே போகும். மெட்ரோ தண்ணீரின் குளோரினை நீக்க ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்): 1 மி.கி. குளோரினுக்கு ஏறக்குறைய 7 மி.கி. 250 லிட்டருக்கு 2 கிராம் போட்டுக் கலக்கி, இரவு முழுக்க ஏரேட்டர் ஓடவிட்டுக் காலையில் மாற்றுவது வழக்கம்.

மீன் இல்லாமலே ஃபில்டரைப் பழக்கினோம், அதாவது மீன் கழிவின் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை அதில் வளர்த்தோம். மொத்தம் 620 லிட்டருக்கு 4 கிராம் அமோனியம் குளோரைடு போட்டால் அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) காட்டும். அமோனியா இறங்கி, நைட்ரைட் ஏறி, அதுவும் இறங்கி, கடைசியில் 4 கிராம் போட்ட 24 மணி நேரத்தில் இரண்டுமே பூஜ்யம் காட்டும்வரை பொறுக்க வேண்டும். சென்னை வெப்பத்தில் ஒரு மாதம் ஆகும். இதைத் தாண்டிக் குதிக்கவே கூடாது. பிஎச் 7 உள்ள தண்ணீரில் 30 டிகிரியில் அமோனியாவின் நஞ்சு வடிவம் ஒரு சதவீதத்துக்கும் கீழே. பிஎச் 8இல் அதுவே 7 சதவீதத்துக்கு மேல். நம் ஊர்த் தண்ணீரில் கொஞ்சம் அமோனியாவே மீனைக் கொல்வது இதனால்தான். பழகி முடிந்ததும் நைட்ரேட் எகிறி நிற்கும், முக்கால் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விட வேண்டும்.

இனி மீன். சென்னையின் அலங்கார மீன் சந்தையான கொளத்தூரில் எல்லாமே 2 அங்குலத்தில், ஒரே மாதிரி சாதுவாக, பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் இருக்கும். அந்த அளவில் எந்தச் சிக்லிட்டும் எதோடும் சேரும். அதனால் பட்டியலை வீட்டிலேயே முடித்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு மீனுக்கும் பார்த்தவை இவை: முழுதாக வளர்ந்தபின் எத்தனை அங்குலம், வாய் எவ்வளவு அகலம், தொட்டியின் எந்த மட்டத்தில் வாழும், ஜோடி சேர்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்கும். இவற்றோடு, ஏற்கெனவே எடுத்த மீனின் உடல்வாகும் நிறமும் இதற்கும் இருக்கிறதா என்பது. ஒரே சாயலில் இருக்கும் சிக்லிட்கள் ஒன்றையொன்று போட்டியாகப் பார்க்கும். சாயல் வேறானால் பெரும்பாலும் கண்டுகொள்ளாது.

ஆஸ்கர்தான் மையம். முதல் வருடத்தில் மாதத்துக்கு ஒரு அங்குலம் போல வளர்ந்து 10 அங்குலத்தைத் தொடும், பிறகு 12க்கு மேல். வாய்க்குள் நுழைவதைத் தின்னும், நுழையாததை அனேகமாகச் சும்மா விட்டுவிடும். பெரிய சிக்லிட்களில் இது சாது. ஒன்று மட்டும் எடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆஸ்கரில் ஆண், பெண் வெளியிலிருந்து தெரியாது. கடையில் ‘பேர்’ என்று கொடுப்பது இரண்டு மீன், அவ்வளவே. இரண்டும் உண்மையிலேயே ஜோடியாகிவிட்டால் ஒரு கல்லைத் துடைத்து முட்டையிட்டு, பாதித் தொட்டியைத் தமதாக்கிக்கொள்ளும். ஆறடியில் பாதி போனால் மற்ற மீன்களுக்கு மூன்றடி.

செவரம் தட்டு வடிவம், 8 அங்குலம், நடு மட்டம். கீரையும் பட்டாணியும் விரும்பித் தின்னும் என்பதால் ஆஸ்கரோடு தீவனப் போட்டி குறைவு. ஒரு பச்சை, ஒரு கோல்டு எடுத்தோம். ஜியோஃபேகஸில் ரெட் ஹெட் தபஜோஸ் ரகம், அடிமட்டம். ஒன்றோ இரண்டோ வாங்கினால் வலுத்தது மெலிந்ததை வதைக்கும். ஐந்துக்குக் குறைத்து எடுக்க வேண்டாம். சில்வர் டாலர் சிக்லிட் அல்ல, ஆனால் இந்தத் தொட்டிக்கு அது கட்டாயம். 6 அங்குலம் வளரும், கூட்டமாக மேல்பாதியில் நீந்தும். அவை பயமில்லாமல் திறந்த இடத்தில் சுற்றுவதைப் பார்த்துத்தான் சிக்லிட்களும் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வருகின்றன. வாங்கும்போது எச்சரிக்கை தேவை. சாப்பாட்டுக்கு விற்கும் ரூப்சந்தின் குஞ்சுகளும் வட்டமாக வெள்ளியாகத்தான் இருக்கும். அது பாக்கு (pacu) எனப்படும் மீன் வகை, கிலோக் கணக்கில் வளர்வது. வயிறும் மார்பும் நல்ல சிவப்பாக இருந்தால் வாங்காதீர்கள்.

விலக்கியவற்றையும் சொல்கிறேன். ஃபிளவர்ஹார்ன், ரெட் டெவில், ஜாகுவார் மூன்றும் தனித் தொட்டி மீன்கள். கான்விக்ட் 5 அங்குலம்தான், ஆனால் ஜோடி சேர்ந்தால் தன்னைவிட மூன்று மடங்கு மீனையும் விரட்டும், ஓயாமல் குஞ்சு பொரிக்கும். பேரட் என்ற கலப்பினச் சிக்லிட்டுக்கு வாய் சரியாக மூடாது. ஆஸ்கர் விழுங்கும் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியாமல் மெலிந்துபோகும். மலாவி ஏரியின் ம்பூனா வகைகளை நிறத்துக்காக இதில் சேர்ப்பவர்கள் உண்டு. அவற்றுக்குக் கடினமான காரத் தண்ணீரும் தாவர உணவும் வேண்டும். ஆஸ்கருக்குப் போடும் புரதத் தீவனத்தைத் தின்றால் வயிறு வீங்கிச் சாகும். கூட்டமாக அடைத்துச் சண்டையைப் பரவலாக்கும் உத்தியும் அந்த ஆப்பிரிக்கத் தொட்டிகளுக்கானது. ஜோடியாக இடம் பிடிக்கும் அமெரிக்கச் சிக்லிட்களிடம் அது எடுபடாது.

கண்ணாடியில் வாயால் ஒட்டிப் பாசி தின்னும் சக்கர் மீனையும் போடவில்லை. ஒன்றரை அடி வளரும், பாசி தின்பதைவிடக் கழிப்பது அதிகம், இரவில் ஆஸ்கரின் உடம்பில் ஒட்டி வழவழப்பைச் சுரண்டும் பழக்கமும் அதற்கு உண்டு. வளர்ந்த சக்கரை ஏரியில் விட்டுவிடுவது மிகப் பெரிய தவறு. தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது பெருகிக் கிடப்பதற்கு இப்படி விட்டவையும் காரணம். கண்ணாடிப் பாசிக்கு பிளேடு ஸ்கிரேப்பர் போதும்.

கடைசியாக க்ரீன் டெரர். இது ஐயத்தோடு சேர்த்த மீன். ஆண் 8, 10 அங்குலம் வளர்ந்து முரடாகும், பெண் சிறியது, அடக்கமானது. 2 அங்குலத்தில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெண்ணாக இருந்தால் சேரும் என்ற கணக்கில் ஒன்று எடுத்தோம். ஆணாக அமைந்தது.

எல்லா மீனும் முதலில் இரண்டடித் தனித் தொட்டியில் 4 வாரம் இருந்தன. சம்பில் ஊறவைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டர் அதில் ஓடியது. வெள்ளைப்புள்ளி, வெள்ளையாக நூல்போல வரும் கழிவு, ஒட்டிய வயிறு இவற்றைப் பார்க்கத்தான் இந்த 4 வாரம். பெரிய தொட்டியில் விட்ட வரிசை: சில்வர் டாலர், ஜியோஃபேகஸ், செவரம், கடைசியில் ஆஸ்கரும் டெரரும். சாதுக்கள் முதலில் இடம் பழகிக்கொள்ள வேண்டும், முரடர்கள் புது ஊருக்கு வருபவர்களாகவே வர வேண்டும். அளவும் தலைகீழ்: சில்வர் டாலரும் ஜியோஃபேகஸும் 3 அங்குலம், ஆஸ்கர் 2 அங்குலம். இரண்டு மாதத்தில் ஆஸ்கர் எட்டிப் பிடித்துவிடும், அதற்குள் மற்றவை அதன் வாய்க்கு அடங்காத அளவுக்கு வந்துவிடும். புது மீன் விட்ட அன்று விளக்குப் போடக் கூடாது.

டெரர் 4 அங்குலம் வரை ஒரு தொந்தரவும் தரவில்லை. 5ஐத் தாண்டியதும் ஓவர்ஃப்ளோ மூலையைப் பிடித்துக்கொண்டது. முதல் அறிகுறி சண்டை அல்ல. அந்த மூலையில் வேறு மீனே இல்லாமல் போனதுதான். பிறகு கோல்டு செவரம் குழாய்க்குப் பின்னால், மேல் மூலையில், தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் நிற்கத் தொடங்கியது. மஞ்சள் மங்கி, வாலுக்கு முன்னால் நான்கைந்து செதில் உதிர்ந்து, பட்டாணி போட்டாலும் வரவில்லை. ஒரு மீன் இப்படி நின்றால் அன்றைக்கே ஏதாவது செய்தாக வேண்டும். இரவில் விளக்கணைந்த பிறகுதான் அடி விழுகிறது.

முதலில் கற்களை மாற்றி அடுக்கினோம். எல்லை அழிந்ததால் சில நாள் அமைதி, பிறகு புது மூலை பிடித்தது. அடுத்தது தடுப்பு. சீலிங் விளக்குக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் கட்டத் தகட்டை வெட்டித் தொட்டியைப் பிரித்தோம். கண்ணுக்கு எதிரே எதிரி தெரிந்துகொண்டே இருந்ததால் வெறி ஏறியதுதான் மிச்சம். தடுப்பை எடுத்த அன்றே துரத்தல் தொடர்ந்தது. மூன்றாவதாக டெரரை மட்டும் தனித் தொட்டியில் சில நாள் வைத்துத் திரும்ப விட்டோம். இளம் மீனிடம் இது வேலை செய்யும். தன் இடத்தை இழந்து புதியவனாகத் திரும்பும். வளர்ந்த ஆணிடம் ஒரு வாரம் கூட நிற்கவில்லை. கடையிலேயே திருப்பிக் கொடுத்தோம்.

அதோடு முடிந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. முதலிடம் காலியானதும் அடுத்த மீன் அதற்கு ஏறும். பச்சைச் செவரம் கோல்டை விரட்ட ஆரம்பித்தது. உடனே கல் முழுவதையும் எடுத்து, நடுவில் குவித்திருந்ததை இரண்டு ஓரத்துக்கும் பிரித்து, தண்ணீர் விழும் குழாயின் திசையையும் திருப்பினோம். நடுவில் திறந்த மணல், இரண்டு பக்கமும் ஒளிய இடம் என்றானதும் துரத்தல் அரை நிமிடத்தில் முடிகிறது. விரட்டப்படும் மீன் மறைவுக்குள் போய்விட்டால் விரட்டுவது மறந்துவிடும்.

தீவனம் போடும் முறையும் சண்டையைக் குறைக்கிறது. இடது கோடியில் மிதக்கும் பெல்லட்டை ஆஸ்கருக்குப் போட்டு, அது அங்கே இருக்கும்போதே வலது கோடியில் மூழ்கும் சிறு பெல்லட்டை ஜியோஃபேகஸுக்குப் போடுவது. வேகவைத்துத் தோலுரித்த பட்டாணி, கீரை வாரம் மூன்று நாள். உயிருள்ள கோல்டுஃபிஷ் குஞ்சு ஒருபோதும் கூடாது. நோய் அதன் வழியாகத்தான் உள்ளே வரும், கொழுப்பும் அதிகம். மாட்டிறைச்சி, கோழி ஈரலும் வேண்டாம்.

வாரம் ஒருமுறை 40 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறோம். நைட்ரேட் 20 பிபிஎம்மைத் தாண்டும்போது முதலில் காட்டிக்கொடுப்பது ஜியோஃபேகஸ்: துடுப்பைச் சுருக்கிக்கொள்ளும், மணல் சலிப்பது குறையும். ஆஸ்கருக்கு நெற்றியில் குழி விழுவதும் அழுக்குத் தண்ணீரில்தான் அதிகம். குழாய்த் தண்ணீரிலேயே நைட்ரேட் இருக்கிறதா என்பதை ஒருமுறை சோதித்துவிடுங்கள். சில போர்களில் இருக்கும், அப்போது எத்தனை மாற்றினாலும் இறங்காது. மே மாதம் தொட்டி 32 டிகிரியைத் தாண்டியது. மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர்மேல் சின்ன மின்விசிறி வைத்ததில் 2 டிகிரி இறங்கியது. வெப்பத்தில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும் என்பதால் பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும். ஹீட்டர் சென்னையில் தேவைப்படவில்லை.

செலவு ரூபாயில்: தொட்டி கூலியோடு 18,000, ஸ்டாண்டு 11,000, சம்ப் 3,500, பம்ப் 4,000, ஃபில்டர் பொருள்கள் 2,500, மணலும் கல்லும் 2,500, மூடியும் விளக்கும் 3,000, சோதனை கிட் 3,500, மீன் 4,000. ஆகமொத்தம் 52,000. 60 வாட் பம்ப் மாதம் 43 யூனிட் இழுக்கிறது. மீனுக்கு ஆனது இதில் பன்னிரண்டில் ஒரு பங்கு கூட இல்லை. அதனால் மீனில் பேரம் பேசிச் சேராததை வாங்குவதில் ஒரு லாபமும் இல்லை.

அடுத்த தொட்டியில் உயரத்தைத் தொடாமல் அகலத்தை இரண்டரை அடியாக்குவோம். 12 அங்குல ஆஸ்கர் திரும்ப 24 அங்குலம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. சிக்லிட்கள் பங்கு போட்டுக்கொள்வது தரையைத்தான், உயரத்தை அல்ல. தண்ணீர் மாற்றச் சம்பில் ஒரு வால்வு வைத்து வடிகாலுக்குக் குழாய் இழுத்துவிட்டால் வாளி தூக்கும் வேலை இருக்காது. க்ரீன் டெரர் இருந்த இடத்தில் சாக்லேட் சிக்லிட் ஒன்று வர வேண்டும். 10 அங்குலம் வளர்ந்தாலும் சாது, நிறமும் மற்ற மூன்றோடு மோதாது. அது கடைகளில் எப்போதும் இருப்பதில்லை, சொல்லி வைத்திருக்கிறோம். இப்போதிருக்கும் ஆஸ்கர் பெரிதாகிவிட்டதால் 5 அங்குலத்துக்குக் குறைந்த மீனை இந்தத் தொட்டியில் விட முடியாது. கிடைத்தால் தனித் தொட்டியில் அந்த அளவுக்கு வளர்த்து, கற்களை மறுபடி மாற்றிவிட்டுத்தான் விடுவோம்.